அலமாரியில் கிடக்கும் பிளாப்பிகள்

லினக்ஸ் கட்டளைகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எல்லாவற்றையும் தொட்டுக் காட்டுவதைவிட, எம்டூல்ஸ் என்ற ஒரு தொகுப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். டாஸ், விண்டோஸ் காலத்துப் பிளாப்பிகளை லினக்ஸ் கணினியில் திறக்க உதவுவது அது.

இப்போது பிளாப்பி எதற்கு என்று கேட்பீர்கள். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. பிறகு வந்த திருத்தத்தால், பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழ்வழியில் இருந்ததற்குச் சான்று வேண்டும். அதனால் முப்பது வயதைத் தாண்டிய பழைய மாணவர்கள் தொடக்கப்பள்ளி வாசலுக்கும் வருகிறார்கள். சான்றுக்கு ஆதாரம் சேர்க்கைப் பதிவேடுதான். ஆனால் எந்த ஆண்டு, எந்தப் பிரிவு என்று தெரியாமல் பதிவேட்டைப் புரட்டினால் அரை நாள் போய்விடும். அந்தக் காலத்தில் தட்டச்சு செய்த வகுப்புப் பட்டியல் பிளாப்பியில் இருந்தால், தேட வேண்டிய பக்கத்தை அது காட்டிவிடும். எங்கள் அலமாரியில் இருந்த பதினொரு பிளாப்பிகளில் எட்டு திறந்தன. இன்னும் ஐந்தாண்டு கழித்து எட்டும் திறக்கும் என்று சொல்ல முடியாது. காந்தப் பூச்சு பூஞ்சை பிடித்துக்கொண்டே போகிறது.

முதல் வேலை, பிளாப்பியின் மூலையில் உள்ள சிறு தகட்டை நகர்த்தி ஓட்டை திறந்திருக்கும்படி வைப்பது. அப்படி வைத்தால் அதில் எதுவும் எழுதப்படாது. அடுத்து யூஎஸ்பி பிளாப்பி டிரைவில் செருகி, டிடிரெஸ்க்யூ என்ற கட்டளையால் வட்டு முழுவதையும் ஒரே கோப்பாகப் படியெடுத்துக்கொள்ளுங்கள். கெட்டுப்போன இடங்களை அது தாண்டிச் சென்று, மற்றவற்றை எடுத்த பிறகு மீண்டும் முயலும். படிக்க வேண்டிய வட்டின் பெயர் முதலில், எழுத வேண்டிய கோப்பின் பெயர் பிறகு. இந்த வரிசை முக்கியம். ஒரு குறையும் இல்லாமல் படி வந்தால் கோப்பின் அளவு 14,74,560 பைட் இருக்கும். 2 பக்கம், பக்கத்துக்கு 80 தடம், தடத்துக்கு 18 பகுதி, பகுதிக்கு 512 பைட். கணக்கு ஆசிரியர்கள் வகுப்பில் பெருக்கல் கணக்காகவே கொடுக்கலாம்.

இனிப் பிளாப்பியைத் தொட வேண்டாம். டாஸ் பழகிய மூத்த ஆசிரியர்களுக்கு எம்டூல்ஸ் கட்டளைகள் புதிதல்ல. பழைய கட்டளைக்கு முன்னால் ஓர் ‘எம்’ சேர்த்தால் போதும். டிர் என்பது எம்டிர், காப்பி என்பது எம்காப்பி, டைப் என்பது எம்டைப். எடுத்த படியின் பெயரை ‘-ஐ’ என்ற குறிக்குப் பின்னால் கொடுத்து, இரண்டு முக்காற்புள்ளி வைத்தால் உள்ளே இருக்கும் கோப்புகளின் பட்டியல் திரையில் வரும். எம்காப்பியுடன் ‘-எம்’ குறியைச் சேர்த்தால் கோப்பின் பழைய தேதி மாறாது. எந்த ஆண்டுப் பட்டியல் என்று அறிய பல நேரம் அந்தத் தேதிதான் துணை. வட்டை மவுண்ட் செய்ய வேண்டியதில்லை, நிர்வாகி கடவுச்சொல்லும் வேண்டியதில்லை. ஆய்வகக் கணினியில் அந்தக் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்று தேடி அலைந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். எம்பார்மேட் கட்டளையை மட்டும் இந்த வேலையில் தட்டாதீர்கள். அது வட்டைத் துடைத்துவிடும்.

கோப்பு வெளியே வந்தபின் இன்னொரு சிக்கல் உண்டு. திறந்தால் தமிழுக்குப் பதில் விநோத எழுத்துகள் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். அது டாப், டாம் போன்ற பழைய எழுத்துருக் குறியீட்டில் தட்டச்சு செய்தது. தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010இல்தான். எந்த எழுத்துரு என்று கண்டுகொண்டால் மாற்றிமூலம் யூனிகோடாக்கிவிடலாம். மூலக்கோப்பையும் கூடவே வைத்திருங்கள்.

பின் மேசையில் டிரைவ் ஒன்று வைத்திருக்கிறேன். பிளாப்பி கொண்டுவந்தவர்கள் தேநீர் இடைவேளையில் வாருங்கள், இப்போதே படியெடுத்துவிடலாம்.