ஆசிரியர் பணியிலிருந்து ஆட்சிப் பணிக்கு

(தோட்ட மண்டபமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



“தாய்மொழிப் பள்ளியில் தொடங்கும் பிள்ளை எங்கே உயரப் போகிறது?” என்னும் கேள்வியை நாம் செல்லும் தோட்டந்தோறும் கேட்கிறோம். அதற்கு விடையாக இன்று மலாக்காவின் முன்னாள் முதலமைச்சர் துன் கபார் பாபாவின் வாழ்வைக் கூற விரும்புகிறோம்.

அவர் 1925ஆம் ஆண்டு கோலப்பிலாவில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். பிரிட்டிஷார் ஆண்ட அக்காலத்தில் ஆங்கிலப் பள்ளியே உயர்பதவிக்கு வழி. மலாய்ப் பள்ளியில் படித்தவருக்குக் கிராமத்து ஆசிரியர் வேலையே பெரும் பேறு. கபார் பாபாவும் தஞ்சோங் மாலிமில் 1922இல் தொடங்கப்பட்ட சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரியில் பயின்று ஆசிரியரானார்.

ஆனால், அத்துடன் அவர் நின்றுவிடவில்லை. 1955ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் வென்றார். 1959 முதல் 1967 வரை மலாக்கா முதலமைச்சராக விளங்கினார். பின்னர்க் கூட்டரசு அமைச்சராகி, ஊரக வளர்ச்சிப் பொறுப்பை ஏற்றார்.

அவருக்கும் ஏமாற்றம் வந்தது. 1976இல் துணைப் பிரதமர் பதவி, கட்சியில் அவருக்கு இளையவரான டாக்டர் மகாதீருக்குச் சென்றது. அவர் அமைச்சரவையை விட்டு விலகினார். பொதுப்பணியை விட்டு விலகவில்லை. பத்தாண்டுகள் கழித்து, 1986இல், அதே டாக்டர் மகாதீர் அவரை அழைத்துத் துணைப் பிரதமராக்கினார். 1993 வரை அப்பதவியில் இருந்த அவர், 2006இல் மறைந்தார்.

பெற்றோர்களே, இவ்வாழ்வு நமக்குக் கூறுவது யாது? பிள்ளை எம்மொழிப் பள்ளியில் தொடங்குகிறது என்பது தடையன்று. பாதியில் நின்றுவிடுவதே தடை. தமிழ்ப் பள்ளியில் தொடங்கும் பிள்ளை மலாயும் ஆங்கிலமும் நன்கு கற்று, இடைநிலைப் பள்ளியை முடித்தாக வேண்டும். படிவம் மூன்றோடு நின்று சில்லறை வேலைக்குப் போகும் மகன் கொண்டுவரும் சம்பளம் இன்றைய செலவுக்கு உதவலாம். அவனுடைய நாளைய வாழ்வு அதனால் குறுகிவிடும்.

கபார் பாபா பயின்ற அக்கல்லூரி 1997இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. இன்று அங்கே தமிழ்க் கல்வியும் கற்பிக்கப்படுகிறது. நம் தோட்டத்துப் பிள்ளையும் அவ்வாயிலில் நுழையலாம்.

விடியுமுன் பால்வெட்டுக்குப் புறப்படும் தாய்மார்களே, தந்தைமார்களே! மாலையில் ஒரு மணி நேரம் வானொலியையும் தொலைக்காட்சியையும் அணைத்துவிட்டு, பிள்ளையின் பாடப்புத்தகத்தைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். உங்களுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் அருகில் அமர்ந்திருங்கள். அந்த ஒரு மணி நேரம் வீண்போகாது.