முதுமையும் தேகப் பயிற்சியும்

நம் நாட்டில் மக்களின் ஆயுள் நீண்டிருக்கிறது. நீண்ட அந்த ஆண்டுகள் பிறர் கையை எதிர்பாராமல் கழிகின்றனவா என்பதே இன்றைய கேள்வி.

நவி மும்பையில் கோபர்கைரனே போன்ற இடங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். ஊர் வீட்டைப் பூட்டிவிட்டு மகனிடமோ மகளிடமோ வந்து தங்கும் பெற்றோர் பலர். அங்கே கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் நாள்தோறும் நடந்தவர்கள் அவர்கள். அந்த நடையைத் தேகப் பயிற்சி என்று எவரும் சொன்னதில்லை. இங்கே மொழி புரிவதில்லை. தெருவில் வண்டிகளின் நெரிசல். ஆகவே, மாடி வீட்டின் நாற்காலியே உலகமாகிவிடுகிறது. “நீங்கள் ஏன் சிரமப்படவேண்டும்? உட்காருங்கள், அப்பா” என்று பிள்ளைகள் அன்போடுதான் சொல்லுகிறார்கள். அந்த அன்பே சில வேளைகளில் கால்களைக் கட்டிவிடுகிறது.

லண்டன் மாடி பஸ்களைப்பற்றி ஜெரிமி மாரிஸ் என்னும் மருத்துவர் 1953-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். உட்கார்ந்தே வேலை செய்த ஓட்டுநர்களைவிட, படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு இருதய நோய் குறைவாக இருந்தது. முதுமையில் தொடங்கிப் பயன் உண்டா என்று ஐயுறுவோருக்கு 1990-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் விடை தந்தது. 90 வயதை ஒட்டிய, உடல் தளர்ந்த சிலர் 8 வாரம் கால் தசைகளுக்குப் பயிற்சி பெற்றனர். முடித்தவர்களின் கால் வலிமை, சராசரியாக முன்னிருந்ததைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேலாயிற்று.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வகுத்த நெறி எளியது. வாரத்தில் 150 நிமிஷமேனும் மிதமான உழைப்பு. இரண்டு நாளேனும் தசைப் பயிற்சி. 65 வயதுக்கு மேற்பட்டோர், விழாமல் இருக்க, மூன்று நாளேனும் உடலின் சமநிலையைப் பேணும் பயிற்சி. இதய நோயோ மூட்டு வலியோ உள்ளவர்கள் மருத்துவரைக் கலந்துகொண்டு தொடங்கவேண்டும்.

கோபர்கைரனேயில் பழைய குப்பைக் கிடங்கு இருந்த நிலத்திலே இன்று நிஸர்க உத்யானம் என்ற பூங்கா விளங்குகிறது. நடப்பதற்கு நல்ல இடம். மழைக்காலத்தில் வெளியே போக இயலாதபோது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து அமரலாம். சுவரைத் தொட்டபடி குதிகால்களை உயர்த்தலாம்.

மராட்டியர் முதியோரை ‘ஜ்யேஷ்ட நாகரிக்’ என்கிறார்கள். அவர்கள் மொழியில் ‘நாகரிக்’ என்றால் குடிமகன். காலையில் கூடும் முதியோரோடு நம்மவரும் போய் அமரட்டும். பத்துச் சொற்களைக் கற்றால் போதும். நடைக்குத் துணை கிடைக்கும், தனிமையும் அகலும்.

தாமே எழுந்து, தாமே நீராடி, பேரக் குழந்தையின் கையைப் பிடித்துத் தெருமுனைவரை போய்வருவது சிறு செல்வமன்று. பிள்ளைகளே, நாளைக் காலை பெற்றோருக்கு நாற்காலியை இழுத்துப் போடுமுன், செருப்பை எடுத்து வையுங்கள், உடன் நடங்கள்.