செவிக்கு எட்டாத சபை

(நமது சங்கத்தின் பெரம்பலூர், அரியலூர்க் கிளைகள் கூடிய மகாசபையில், புது மண்டபத்திற்கு ஒலி, ஒளிக் கருவிகள் அமைக்கும் தீர்மானத்தைப் பிரேரேபித்து நிகழ்த்திய சொற்பொழிவு.)



இத்தீர்மானத்தைப் பிரேரேபிக்கும்படி நிர்வாக சபையார் எனக்குக் கட்டளையிட்டார்கள். நான் வித்துவானல்லன், மின்சார வேலையில் காலங்கழித்தவன். ஆகவே அலங்காரமின்றி விஷயத்தைச் சொல்லுகிறேன், பொறுத்தருள வேண்டுகிறேன்.

நம் பிரதேசத்தைத் திருச்சிராப்பள்ளியினின்றும் பிரித்துப் பெரம்பலூர் ஜில்லாவாக 1995 இல் அமைத்தார்கள். அரியலூர் 2001 இல் தனி ஜில்லாவாகி, அடுத்த ஆண்டே மீண்டும் இணைந்து, 2007 நவம்பரில் நிலையாகப் பிரிந்தது. ஜில்லா இரண்டாயினும் நம் சபை ஒன்றே. ஆனால் ஒரே மண்டபத்தில் கூடியிருப்பது மட்டும் ஒரே சபையாக இருப்பதாகுமா? இதுவே என் கேள்வி.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வாடகை மண்டபத்தில் நம் ஆண்டுக் கூட்டம் நடந்தது. பெண் குழந்தைகளின் படிப்புச் சகாயத் தொகையில் ஒரு பகுதியைக் கட்டட நிதிக்கு மாற்றுவதென்று ஒரு தீர்மானம் வந்தது. வாசித்தார்கள், கைகள் உயர்ந்தன, நிறைவேறிற்று. வீடு திரும்பும் வழியில் என் பெரியதாயார் என்னிடம், "தம்பி, எல்லாரும் கை தூக்கினார்கள், நானும் தூக்கினேன். எதற்கென்று நீயாவது சொல்லு" என்றார். சொன்னேன். அவர் வாய் திறக்கவில்லை. கல்லூரியில் சேரவிருந்த அவருடைய பேத்தியும் அத்தொகையை நம்பியிருந்தவள். பின்வரிசையில் அமர்ந்திருந்த தாய்மார் அனைவருக்கும் கேட்டது இரைச்சல் ஒன்றே. தீர்மானம் சட்டப்படி செல்லும், தர்மப்படி செல்லுமா? கேளாதவரின் சம்மதம் சம்மதமாகாது.

ஆகவே இக்கருவிகளை ஆடம்பரமென்று எண்ணற்க. 1915 டிசம்பர் 24 ஆம் நாள் அமெரிக்காவில் ஸான்பிரான்ஸிஸ்கோ நகரில் ஜென்ஸென், பிரிதாம் என்னும் இருவர் ஒலிபெருக்கியைப் பெருங்கூட்டத்தின் முன் இயக்கிக் காட்டினார்கள். நம் நாட்டிலோ, காங்கிரஸ் மகாசபைகளுக்கு பம்பாய்ச் 'சிகாகோ ரேடியோ' நிறுவனத்தார் ஒலிபெருக்கி அமைத்துக் கொடுத்தார்கள். காந்தியடிகளின் மெலிந்த குரல் கடைசி மனிதனுக்கும் எட்டியது இத்தகைய கருவிகளாலேயே.

எனினும், பெரிய பெட்டிகளை வாங்கி மூலைக்கொன்றாக வைத்தால் காரியம் முடிந்ததென்று நினைப்பது தவறு. முதல் நோய் கருவியில் இல்லை, சுவரில் இருக்கிறது. 1895 இல் ஹார்வர்டு சர்வகலாசாலையில் ஒரு புதிய பிரசங்க மண்டபத்தில் பேச்சு யாருக்கும் விளங்கவில்லை. வாலஸ் ஸாபைன் என்னும் இளம் ஆசிரியரை ஆராயும்படி ஏவினார்கள். ஒரு சொல்லைச் சொன்னால் அதன் ஒலி வெற்று மண்டபத்தில் ஏறத்தாழ 5½ விநாடி மடியாமல் நின்றதாம். அதற்குள் பேசுவோர் பத்துச் சொல்லைக் கடந்துவிடுகிறார்! அவர் இரவுதோறும் வேறொரு மண்டபத்து மெத்தைகளைச் சுமந்து வந்து பரப்பி, எத்தனை மெத்தைக்கு எத்தனை ஒலி அடங்குகிறதென்று அளந்தார். மண்டபம் பெருக்கப் பெருக்க முழக்கம் நீளும். ஒலியை உறிஞ்சும் பொருள் மிகுதிப்பட அது குறையும் என்பது அவர் கண்ட விதி.

இவ்விதி நம் இரு ஊர்களுக்கும் எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! சிமெண்டு அரியலூரின் பெருமை. ஆனால் வழவழப்பான சிமெண்டுச் சுவர் ஒலியைத் திருப்பி அடிக்கும். பஞ்சு பெரம்பலூர்க் கரிசல் மண்ணின் செல்வம். மடிப்பு மடிப்பாகச் சுவரினின்றும் சற்று விலக்கித் தொங்கவிட்ட கனத்த பருத்தித் திரை ஒலியை விழுங்கும். ஆகவே பெட்டி வாங்குமுன் பின்சுவருக்குத் திரை வாங்குவோம். முழக்கத்தை அடக்காமல் ஒலியை மட்டும் கூட்டினால் முழக்கமே கூடும்.

இனி ஒலிபெருக்கி. நம் மண்டபம் 80 அடி நீளம். முன்னிருந்து புறப்படும் ஒலி பின்வரிசையை அடைய ஒரு விநாடியில் 100 இல் 7 பங்கு ஆகும். மின்சாரமோ கம்பிவழி கணத்தில் பாய்ந்து பின்னுள்ள பெட்டியைப் பேச வைத்துவிடும். இரண்டும் முன்பின்னாகச் சேர்ந்தால் சொல் குழம்பும். ஆதலால் பின்பெட்டியின் ஒலியை அத்தனை பங்கு தாமதப்படுத்தும் சாதனம் வேண்டும். பெட்டிகள் மைக்குக்கு முன்னால், சபையை நோக்கியே நிற்க வேண்டும். பெட்டியின் ஒலி மீண்டும் மைக்கினுள் புகுந்து, பெருகி, மறுபடியும் வெளிவந்து சுழல்வதே நாம் கூட்டந்தோறும் கேட்கும் அந்தக் கூவல். பேசுவோர் மைக்கை ஊதியும் தட்டியும் பார்க்காமல், ஒரு சாண் தொலைவில் நின்று நிதானமாகப் பேசினால் பாதிக் கூவல் போய்விடும்.

செவித்துணைக் கருவி அணிந்த முதியோர் பலர் நம்மிடையே உளர். தரையைச் சுற்றி ஒரு கம்பி வளையம் பதித்தால், தக்க சுருள் பொருத்திய அக்கருவிகளுக்கு மைக்கின் ஒலி இரைச்சலின்றி நேரே சேரும். முன்வரிசைகளிலாவது இதனை அமைக்க வேண்டுமென்பது என் தனிப்பட்ட வேண்டுகோள்.

திரையைப்பற்றிச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். கடைசி ஆசனம் எத்தனை அடி தொலைவோ, அதில் ஆறிலொரு பங்கேனும் திரையின் உயரம் இருத்தல் நலம். அதன் அடிவிளிம்பு முன்னிருப்போர் தலைக்கு மேல் நிற்கட்டும். பகலில் நடக்கும் நம் வெங்காய வியாபாரிகள் கூட்டத்திற்கும், ஜயங்கொண்டம், செந்துறை முந்திரி வியாபாரிகள் கூட்டத்திற்கும் ஜன்னல் வெளிச்சத்தில் மங்காத புரொஜெக்டர் தேவை. வரவு செலவுக் கணக்கு முழுவதையும் ஒரே படத்தில் திணிக்காமல், ஆறு வரிக்கு மேற்படாது பெரிய எழுத்தில் காட்டுக. தீர்மானத்தின் வாசகம் கைதூக்கும் வரையில் திரையிலேயே நிற்கட்டும்.

சட்டத்தையும் மறத்தலாகாது. 2000 ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது. மூடிய மண்டபத்தினுள் அங்குள்ளோர்க்கு மட்டும் கேட்கும்படி வைக்கலாம். அயல்வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் குழந்தையும் நம் குழந்தையே.

செலவைப்பற்றிப் பொருளாளர் அஞ்ச வேண்டாம். மூவரிடம் விலைப்புள்ளி கேட்போம். மண்டபம் நிறைந்திருக்கும்போது பரீக்ஷித்த பின்பே முழுப்பணமும் கொடுப்போம். தரைத்தொடர்பைச் சரிபார்ப்போம். இயக்குவதற்கு வாலிபர் இருவருக்கும் பெண்கள் இருவருக்கும் பயிற்சி அளிப்போம். யந்திரம் வாங்குவது ஒருநாள் வேலை. அதைப் பேணுவதே நெடுநாள் வேலை.

2025 ஜூலையில் கங்கைகொண்ட சோழபுரத்துத் திருவாதிரை விழாவில் இளையராஜா அவர்களின் இசை கோயில்வெளியில் ஒலித்தது. திறந்த வெளியில் அது ஆகுமெனில், நான்கு சுவருக்குள் ஒரு தாயின் செவிக்கு ஒரு தீர்மானத்தைக் கொண்டு சேர்க்க நம்மால் ஆகாதா?

ஒரு நிபந்தனையோடு முடிக்கிறேன். கருவிகள் அமைந்தபின் நடக்கும் முதற்கூட்டத்தில், அன்று நிறைவேறிய அந்தச் சகாயத் தொகைத் தீர்மானத்தை மறுபடியும் வாசித்து வாக்குக்கு விடவேண்டும். ஒரு மைக்கு தாய்மார் வரிசைக்கும் செல்லவேண்டும். கேட்பது பாதி, கேட்கப்படுவது மற்றப் பாதி. என் பெரியதாயார் அன்றும் கை தூக்கலாம், தூக்காமலும் இருக்கலாம். எதுவாயினும், எதற்கென்று அறிந்து செய்வார்.

இத்தீர்மானத்தை ஏகமனதாக ஆதரிக்கும்படி பிரார்த்தித்து அமர்கிறேன்.