கீழறையில் வாழும் நெடுங்காற் சிலந்தி



கண்டியிலிருந்து கம்பளைக்குச் செல்லும் பாதையில், பேராதனையைக் கடந்து சிறிது தூரம் சென்றால் கெலிஓயா என்னும் சிற்றூர் வரும். மலைச்சரிவை வெட்டி வீடு கட்டும் இத்தகைய ஊர்களில், பாதை மட்டத்துக்குக் கீழே ஓர் அறை அமைவதுண்டு. ஏட்டு வழக்கில் அதனை நிலவறை எனலாம். விறகு, கால் முறிந்த நாற்காலி, பழைய பத்திரிகைக் கட்டு ஆகியவை அங்கே அடைக்கலம் பெறும். வெயில் புகாத அவ்வறையில் ஈரம் எளிதில் உலராது.

மழைக்காலத்தில் ஒருநாள் விறகு எடுக்கச் சென்ற பிள்ளை அலறிக்கொண்டு ஓடி வருகிறது. கூரை மூலையில், நூல் போன்ற நெடிய கால்களையுடைய ஒன்று தலைகீழாகத் தொங்கிக் கிடுகிடுவென ஆடுகிறதாம். தாய் துடைப்பத்தை எடுக்கிறாள். தந்தை பூச்சிமருந்தைத் தேடுகிறார். தொங்கியது எது என்று மட்டும் கேட்பார் இல்லை. அக்கேள்வியை முதலிற் கேட்பதே அறிவுடைமை.

பெரும்பாலும் அது போல்சிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்த சிலந்தியாகவே இருக்கும். வெப்ப நாடுகளின் வீடுகளெங்கும் பரவியுள்ள குறொசோபிரிசா லையோனி என்னும் இனம் இக்குடும்பத்தது. இந்தியாவிலிருந்து கிடைத்த மாதிரிகளைக் கொண்டு பிளாக்வால் என்னும் ஆங்கில அறிஞர் 1867 ஆம் ஆண்டில் இதனை விவரித்தார். இதன் உடல் ஏறக்குறைய ஒரு நெல்மணியளவே. 7 மில்லிமீற்றரை மீறுவது அரிது. கால்களோ உடலைப்போலப் பன்மடங்கு நீளமானவை. அவற்றில் சிறு கரும்புள்ளிகள் காணப்படும். வயிறு சாம்பல் நிறமானது. பக்கவாட்டில் நோக்கினால் அது உருண்டையாக இராது. பின்புறத்தின் மேல்முனையில் ஒரு கூம்பு புடைத்து நிற்கும். இதன் உறவினங்கள் சிலவற்றில் வயிறு நீள்உருளையாக இருக்கும். அவற்றில் இக்கூம்பு இராது.

இச்சிலந்தியின் வலையில் ஒழுங்கான வட்டமோ ஆரமோ இல்லை. தாறுமாறாக இழுத்த இழைகளின் சிக்கலே அதன் வலிமை. சிக்கிய இரையின்மேல் பின்னங்கால்களால் நூலை வீசிச் சுற்றிக் கட்டிய பின்னரே சிலந்தி அதனைக் கடிக்கும். பெண் சிலந்தி தன் முட்டைகளைச் சில இழைகளாற் சேர்த்துக் கட்டி, குஞ்சுகள் வெளிவரும்வரை வாயிலே கவ்விக்கொண்டு காத்திருக்கும். பிள்ளையை அச்சுறுத்திய அந்த ஆட்டம் பாய்ச்சலுக்கு முன்னறிகுறி அன்று. வலையில் அசைவு தட்டியதும் சிலந்தி தன் உடலை வேகமாகச் சுழற்றி ஆட்டும். அவ்வேளையில் அதன் உருவம் பகைவர் கண்ணுக்கு மங்கிப்போகும். அதாவது, அஞ்சியது பிள்ளை மட்டுமன்று; சிலந்தியும் அஞ்சியது.

நீண்ட கால் உடையன யாவும் இவ்வினமல்ல. சிலந்தியின் உறவாகிய ஒப்பீலியோன் என்னும் பிராணியும் நெடுங்கால் உடையது. சிலந்தியின் உடல் இரு பகுதியாகப் பிரிந்து தோன்றும். இதன் உடலோ ஒரே உருண்டையாகத் தோன்றும். இதற்கு நூலும் இல்லை, நஞ்சும் இல்லை. எனவே வலையில் தொங்குவது இதுவாக இருத்தல் இயலாது. ஆறு கால்களும் சிறகும் இருந்தால், அது நுளம்பைப் பெரிதாக்கியது போன்ற ஓர் ஈ வகை. உள்ளங்கையளவு அகன்று, தட்டையாய்ச் சுவரில் ஒட்டி, மின்னலென ஓடுவது வேட்டைச் சிலந்தி. கண்களுக்குக் கீழே வெளிறிய பட்டையும், பெண்ணின் உடலடியில் வட்டமான முட்டைப் பையும் அதன் அடையாளங்கள். அது வலை பின்னி இரை பிடிப்பதன்று. கரப்பொத்தானை ஓடித் துரத்திப் பிடிப்பது.

விலகி நிற்க வேண்டிய ஒன்றும் உண்டு. சிங்களத்தில் திவி மகுளுவா எனவும், தமிழில் புலிமுகச் சிலந்தி எனவும் வழங்கும் பெருஞ்சிலந்தி அது. தடித்த மயிரடர்ந்த கால்களும், அழகிய கோலமிட்ட உடலும் கொண்டது. மலைநாட்டுக்கு உரிய இனமும் இதில் உண்டு. மரப்பொந்தும் வெடிப்பும் இதன் உறைவிடம். சிலவேளை வீட்டுக்குள்ளும் வந்துவிடும். இது கடித்தால் கடும் வலியும் தசைப்பிடிப்பும் ஏற்படலாம். கடியுண்டவர் வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். இதனையும் கீழறையின் மெலிந்த சிலந்தியையும் ஒருமுறை பார்த்தவர் மீண்டும் மயங்கார்.

ஆயினும் அச்சம் எளிதில் நீங்குவதில்லை; அதற்குச் சொல்லும் ஒரு காரணம். தமிழில் சிலந்தி என்பது பூச்சிக்கும் பெயர், புண்ணுக்கும் பெயர். நரம்புச் சிலந்தி என்று முன்னோர் அஞ்சிய நோயை உண்டாக்கியது ஒரு புழு. சிலந்திக்கும் அதற்கும் தொடர்பில்லை. காலையில் எழுந்ததும் கழுத்தில் எரிச்சலுடன் கொப்புளம் கண்டால், இரவில் சிலந்தி ஊர்ந்தது என்பர். அத்தகைய கொப்புளம் பலவேளை செம்மஞ்சளும் கருமையும் கலந்த ஒரு சிறு வண்டைத் தோலின்மேல் நசுக்கியதால் எழுவது. நெடுங்காற் சிலந்தியே உலகிற் கொடிய நஞ்சுடையது, பல் குறுகியதால் தப்பினோம் என்ற கதையும் பல நாடுகளில் உலவுகிறது. அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை.

துடைப்பத்தால் அழிவது என்ன என்பதையும் எண்ணுதல் வேண்டும். 2017 ஆம் ஆண்டில் இலங்கையில் 1,86,000 இற்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். அந்நோயைப் பரப்பும் நுளம்பு வீட்டின் இருண்ட மூலைகளிலும் தங்குவது. மேலே கூறிய குறொசோபிரிசா, அந்நுளம்பை இரையாகக் கொள்ளும் சிலந்தி; தாய்லாந்தில் அதன் வாழ்க்கை முறையை ஆராய்ந்தோர் 1997 இல் தம் ஆய்வை வெளியிட்டனர். சிலந்தி இருக்கிறதென்று தேங்கிய நீரைக் கொட்டாமல் இருப்பது பேதைமை. ஆனால் நீரைக் கொட்டியபின், கூலி கேளாத காவலாளியை மருந்தடித்துக் கொல்வதும் பேதைமையே. அம்மருந்தின் ஆவியை அவ்வீட்டுப் பிள்ளைகளும் சுவாசிக்க நேரும்.

திருவானைக்காவில் இறைவன் திருமேனிமேல் சருகு விழாமல் பந்தர் இழைத்த சிலந்தியே கோச்செங்கட் சோழனாய்ப் பிறந்தது என்பது சைவ மரபு. தௌர் குகை வாயிலில் வலை பின்னி நபிகளாரைப் பகைவர் கண்ணிலிருந்து மறைத்தது சிலந்தி என்பது இஸ்லாமிய மரபு. இரு சமயத்தாரும் அடுத்தடுத்து வாழும் மலைநாட்டு ஊர்களில், இச்சிற்றுயிரைக் கருணையோடு நோக்கும் வழி இரு வீட்டிலும் முன்னரே இருக்கிறது.

ஆதலின் கீழறைக்குச் செல்பவர் முதலில் ஒரு கைவிளக்கை எடுத்துச் செல்க. கால்கள் எத்தனை, உடல் ஒன்றா இரண்டா, வலை உண்டா, மெலிந்ததா மயிரடர்ந்ததா என நான்கு கேள்வி கேட்க. தூசி படிந்து வெறுமையான பழைய வலைகளை ஒட்டடைக் கோலால் தாராளமாக நீக்கலாம். உயிருள்ள சிலந்தி உணவறையில் இருந்தால், ஒரு குவளையால் மூடி, அடியில் தடித்த தாளைச் செருகிக் கீழறையிற் கொண்டுபோய் விடலாம். அடுத்த முறை அப்பிள்ளையையும் உடன் அழைத்துச் சென்று, வயிற்றின் மேல்முனையில் கூம்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுதல் நன்று. கூம்பைத் தேடிக் குனியும் பிள்ளை அலறுவதை மறந்துவிடும்.