வரைபடத்தில் நம்ம ஊர் தண்ணீர்



நெய்வேலிப் பக்கத்து ஊர்க்காரங்க நமக்குச் சுரங்கத் தண்ணீர் புதுசு இல்லை. பழுப்பு நிலக்கரிக்கு அடியில் நிலத்தடி நீர் அழுத்தத்தோடு இருக்கிறது. அதை ராப்பகலா இறைச்சு வெளியேத்தினாத்தான் நிலக்கரி வெட்ட முடியும். அந்தத் தண்ணீர் வாய்க்கால் வழியா வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி வரைக்கும் போகுது. நாம நடவு நடுறதும் அதில்தான், மாடு குடிக்கிறதும் அதைத்தான். நல்ல தண்ணியான்னு கேட்டா ஆளுக்கொரு பதில் வரும்.

ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் பரிசோதிக்கப் பயிற்சி தருகிறார்கள். எங்க ஊர் ஐந்து பேரில் நானும் ஒருத்தி. முடிவைப் போனில் ஏற்றுவோம். "ஏம்மா, ஊர்ப் பேரைக் கெடுக்கிறே? நாளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" என்று ஒரு பெரியவர் கேட்டார். பதில் சொல்லாம குழாய்த் தண்ணியைப் பிடிச்சுட்டு வந்துட்டேன்.

நிலத்தடி நீரின் விவரத்தை மத்திய அரசின் இந்தியா டபிள்யூ.ஆர்.ஐ.எஸ். இணையதளத்தில் யாரும் வரைபடமாகவே பார்க்கலாம். புள்ளியைத் தொட்டதும் முதலில் தேதியைப் பாருங்க. பழைய கணக்கை நம்பி இன்னைக்குப் பிள்ளைக்குக் குடிக்கக் குடுக்க முடியாது. குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்கணும். வேறு தண்ணீரே கிடைக்காத ஊரில் 2000 வரை. புளோரைடு 1, அதிகபட்சம் 1.5.

எதைச் சோதிக்கலைன்னு பார்ப்பதுதான் இன்னும் முக்கியம். பாதரசத்துக்கு வரம்பு 0.001 மில்லிகிராம். நம்ம பரிசோதனைப் பெட்டியில் அது தெரியவே தெரியாது, ஆய்வகத்துக்குத்தான் அனுப்பணும். கிணத்துக்குப் போட்ட புள்ளி வாய்க்காலுக்குச் சாட்சி சொல்லாது, அதையும் ஞாபகம் வச்சுக்கங்க.

சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற சுரங்கங்கள் வருஷத்தில் ஜூன் 1, டிசம்பர் 1 என்று இரண்டு முறை, நிபந்தனைகளைக் கடைப்பிடித்த அறிக்கையைத் தர வேண்டும். 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி அது பொதுமக்கள் பார்க்கக்கூடிய ஆவணம். இங்கிலீஷில் இருக்கும், படிக்கிறதுக்குள்ள தலை சுத்தும். காலேஜ் போற பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வச்சு, வெளியேற்றும் தண்ணீர் பற்றிய பக்கத்தை மட்டும் வாசிக்கச் சொல்லுங்க.

மார்ச் 22 கிராம சபையில், வாய்க்கால் தண்ணீரை உலோகங்களுக்கும் சேர்த்து ஆய்வகத்தில் சோதிக்கணும், முடிவை ஊராட்சிப் பலகையிலும் ஒட்டணும்னு தீர்மானம் கேட்போம். அதுக்கு முன்னாடி, உங்க ஊரில் வாய்க்கால் நுழையும் இடத்தைப் போன் வரைபடத்தில் குறிச்சு, அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாங்க.