கை செய்ததைக் கை எழுதட்டும்!

(பெற்றோரும் ஆசிரியரும் கூடிய அவையில் ஆற்றிய உரை)



எட்டு அகவைச் சிறுவன் ஒருவனிடம், 'நீ பிறர்க்குச் செய்த உதவியைப் பற்றி எழுது' என்று சொல்லிப் பாருங்கள். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று மூன்று தலைப்புகளை இட்டு, விளக்கநூலில் உருப்போட்டதை அவன் அப்படியே இறக்கி வைப்பான். 'உதவி செய்தல் நற்பண்பு. அனைவரும் உதவி செய்தல் வேண்டும்' என்பான். பாரி முல்லைக்குத் தேர் ஈந்ததை எழுதுவான். பேகன் மயிலுக்குப் போர்வை அளித்ததையும் எழுதுவான். அன்று காலையில் தன் பாட்டியின் கையைப் பிடித்துப் படியிறக்கி விட்டதை மட்டும் எழுதமாட்டான். அதுவும் எழுதத் தக்கதே என்று அவனுக்குச் சொன்னவர் எவருமிலர். தேர் இல்லாத சிறுவனுக்கும் கை இருக்கிறது அன்றோ?

இதனைச் சிறு குறையென்று தள்ளிவிடுதல் கூடாது. உருப்போட்டதை எழுதி மதிப்பெண் பெறும் குழந்தை, எழுத்து வேறு, வாழ்வு வேறு என்பதை அவ்விளம் அகவையிலேயே கற்றுக் கொள்கின்றது. மேடையில் ஒன்றும் வீட்டில் ஒன்றுமாக வாழும் மாந்தர்க்கு வித்து ஊன்றப்படும் இடம் அதுவே.

மற்றொரு கேடும் உண்டு. 'எல்ப் பண்ணினேன்' என்று பிள்ளைகள் பேசுவதைப் பெற்றோரே கேட்டு மகிழ்கின்றனர். ஓர் அயற்சொல் புகுந்தது என்பதோடு இவ்விழப்பு நின்றுவிடவில்லை. தாங்கினேன், ஏந்தினேன், சுமந்தேன், இறைத்தேன், ஊட்டினேன், தேற்றினேன், தேடித் தந்தேன் என்னும் தமிழ் வினைகள் அத்தனையும் அந்த ஒற்றைப் 'பண்ணினே'னுக்குள் புதைந்து போகின்றன. செயலைக் குறிக்கும் சொல் மறைந்தால், செயலின் வடிவும் உள்ளத்தில் மங்கும்.

தமிழ் முன்னோர் எழுத்தையும் உதவியையும் வேறு வேறாக வைத்தாரல்லர். ஔவையாரின் ஆத்திசூடியை எண்ணிப் பாருங்கள். அகரத்தில் அறத்தை விரும்பச் சொன்னார். இகரத்தில் இயன்றதை ஒளிக்காதே என்றார். ஈகாரத்தில் பிறர் ஈவதைத் தடுக்காதே என்றார். முதல் நான்கு எழுத்துகளில் மூன்று, பிறர்க்குப் பயன்படும் வாழ்வைச் சொல்லுகின்றன. இலக்கணமும் அவ்வாறே. 'கு' என்னும் நான்காம் வேற்றுமை உருபின் பொருள்களை அடுக்கிய நன்னூலார், கொடையையே முதலில் வைத்தார். இரப்போரின் நிலைக்கேற்ப ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்களையும் பிரித்துக் காட்டிய தொல்காப்பியர், ஒத்தவர்க்குரிய சொல்லாகக் காட்டியது 'தா' என்பதே. குழந்தை முதலில் பழக வேண்டிய சொல்லும் அதுவே. உதவி என்பது மேலிருந்து கீழே எறிவதன்று; ஒத்தவர்க்கு ஒத்தவர் தருவது.

எங்குத் தொடங்குவது? திருக்குறளின் அடைவே வழிகாட்டுகின்றது. செய்ந்நன்றியறிதல் 11ஆம் அதிகாரம், ஒப்புரவறிதல் 22, ஈகை 23. பெற்ற உதவியை உணர்ந்த பின்னரே செய்யும் உதவி வருகின்றது. ஆகவே, 'உனக்கு யார் என்ன செய்தார்?' என்பதைக் குழந்தை முதலில் எழுதட்டும். 'நீ யாருக்கு என்ன செய்தாய்?' என்பது அடுத்த கிழமை வரட்டும். அவ்வாறு செய்தால் தற்பெருமைக்கு இடமிராது.

எழுதுமுன் குழந்தை வாயால் சொல்லட்டும். ஆசிரியர் நான்கே வினாக்கள் கேட்டால் போதும்: யாருக்கு? அவருக்கு என்ன இடர்? நீ என்ன செய்தாய்? பிறகு என்ன ஆயிற்று? மூன்றாவது வினாவுக்கு 'உதவினேன்' என்று விடை வந்தால், 'எப்படி?' என்று மீண்டும் கேட்க வேண்டும். கை என்ன செய்ததோ அந்த வினைச்சொல் வெளிவரும் வரை கேட்க வேண்டும். அவ்வாறு பழகிய குழந்தை இவ்வாறு எழுதும்:

'மாலையில் மழை வந்தது. எதிர்வீட்டுப் பாட்டி மாடியில் மிளகாய் காயவைத்திருந்தார். அவருக்குப் படியேற முடியாது. நான் ஓடிப்போய் மிளகாயை முறத்தில் அள்ளினேன். கொஞ்சம் நனைந்துவிட்டது. பாட்டி என் தலையைத் துவட்டிவிட்டார்.'

ஆறே சொற்றொடர்கள். 'உதவி' என்னும் சொல் ஓரிடத்திலும் இல்லை; உதவியோ முழுமையாக இருக்கின்றது. கொஞ்சம் நனைந்ததை மறைக்காமல் எழுதியதே அவ்வெழுத்தின் மெய்ம்மைக்குச் சான்று. அதனை அடித்துவிட்டு, 'ஆதலால் நாமும் பிறர்க்கு உதவுவோம்' என்று முடிவுரை ஒட்டும் ஆசிரியர், மலர்ந்த பூவுக்கு வண்ணம் பூசுகின்றார்.

திருத்துவோர் மூன்றை மறவாதிருத்தல் வேண்டும். ஒன்று: செயலின் பருமையை அளந்து மதிப்பெண் இடாதீர்கள், அளந்தால் பிள்ளைகள் பொய்யைப் பெருக்குவார்கள். இரண்டு: உதவி பெற்றவரின் வறுமையையும் பெயரையும் வகுப்பில் உரக்கப் படிக்கச் செய்யாதீர்கள், அவர்தம் மானமும் காக்கப்பட வேண்டியதே. மூன்று: தம்பியைத் தூக்கிச் சுமக்கும் சிறுமியும், தாய்க்கு நீர் சுமக்கும் சிறுவனும் தங்கள் உழைப்பை உதவியென்றே அறியார்கள். எழுதப் பொருளில்லை என்று எண்ணி அவர்கள் வாளா அமர்ந்திருப்பார்கள். மிகுதியான பொருள் அவர்களிடமே உள்ளது. அதனை எடுத்துக் காட்டுவது ஆசிரியர் கடன்.

பெற்றோரீர்! இதற்கெனத் தனி நூல் வேண்டா, பொருட்செலவும் வேண்டா. ஒரு சுவடியும் ஓர் எழுதுகோலும் போதும். இன்றிரவே குழந்தையை அருகமர்த்தி, 'இன்று உனக்கு யார் என்ன செய்தார்?' என்று நல்ல தமிழில் கேளுங்கள். அது சொல்லும் விடையைச் சொன்னவாறே எழுதச் செய்யுங்கள். மெய்யை எழுதப் பழகிய கை, நாளை அறத்துக்கும் நீளும், தமிழுக்கும் நீளும்!