சேவைக்காலத்துக்கும் சம்பளம் வேண்டும்



தாதியர் போராட்டம் நமக்கு எதற்கு என்று லயத்தில் சிலர் கேட்கிறார்கள். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அரசாங்க ஊழியரின் அடிப்படைச் சம்பளம் கூடியது. ஆனால் தாதியரின் மேலதிக நேரக் கொடுப்பனவைக் கணக்கிடும் விகிதம் குறைந்தது. ஆள் பற்றாத வார்டில் இரவெல்லாம் நிற்பவர்கள் அதை எப்படிப் பொறுப்பார்கள்? வீதிக்கு வந்தார்கள். நியாயம்தானே!

அவர்களுக்காவது தரம் உண்டு, வருடாந்தச் சம்பள ஏற்றம் உண்டு. நமக்கு? 2024 செப்டெம்பர் வர்த்தமானியில் நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வந்தது. முப்பது வருடம் கொழுந்து பறித்த அம்மாவுக்கும் நேற்றுப் பேர் பதிந்த பிள்ளைக்கும் அதே தொகை. சேவைக்காலத்துக்கு ஒரு சதமும் இல்லை.

தாதியருக்குக் கைகொடுப்போம். அடுத்த பேச்சுவார்த்தையில் சேவைக்கால ஏற்றத்தையும் நம் கோரிக்கையில் சேர்ப்போம்.